பார்க்காமல் படிக்கும் ஏஜென்ட்

2001 மே மாத ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் டிம் பெர்னர்ஸ் லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லசிலா மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒரு குட்டிக் கதையோடு தொடங்குகிறது. அம்மாவுக்குத் தொடர் சிகிச்சை வேண்டியிருக்கிறது. மகனும் மகளும் முறை வைத்து அழைத்துப் போக வேண்டும். மகளுடைய மென்பொருள் ஏஜென்ட் தானே இணையத்தில் புறப்பட்டுப் போய், காப்பீட்டில் அடங்குகிற, வீட்டிலிருந்து 20 மைலுக்குள் இருக்கிற, நல்ல பெயரெடுத்த சிகிச்சையாளர்களைத் தேடி, பிள்ளைகள் இருவருக்கும் ஒழிந்த வேளையோடு பொருத்தி நேரம் குறித்துத் தருகிறது. இந்தக் கதை நடக்க வேண்டுமானால் ஒவ்வொரு தளமும் தன்னிடமுள்ள தகவலைக் கணினிக்குப் புரியும் குறிகளோடு இன்னொரு முறை எழுதிவைக்க வேண்டும் என்றார்கள். ‘செமான்டிக் வெப்’ என்பது அதற்குப் பெயர். தேடுபொறியின் கண்ணில் படுவதற்காகச் சில தளங்கள் விலையையும் முகவரியையும் அப்படிக் குறித்துவைத்தன. பொதுவான இணையத்தில் அந்தத் திட்டம் அதற்குமேல் அதிகம் நகரவில்லை. உழைப்பு தளக்காரருடையது, பலன் வேறு யாருக்கோ என்றால் எந்தத் திட்டம்தான் நகரும்?

ஆனால் அந்தக் கதையின் ஏஜென்ட் இப்போது வந்துவிட்டது. கட்டளை வரி எனப்படும் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். மொழி மாதிரி ஒன்று உலாவியைத் திறந்து, பக்கத்தைப் படித்து, படிவத்தை நிரப்பி, பட்டனை அழுத்தி, முடிவைத் திருப்பிக் கொண்டுவருகிறது. தளக்காரர்கள் யாரும் அதற்காக எதையும் இரண்டாம் முறை எழுதவில்லை. பிறகு எப்படி நடந்தது? மாதிரிகள் கெட்டிக்காரத்தனம் பெற்றுவிட்டன என்பது பாதி விடைதான். மறுபாதி, வேறொரு காரணத்துக்காக வேறு யாரோ ஏற்கெனவே இணையத்தை உரையாக விவரித்து வைத்திருந்தார்கள் என்பது. பார்வையற்றவர்களுக்காகச் செய்த விவரிப்பு அது. ஏஜென்ட் பக்கத்தைப் பார்ப்பதில்லை, படிக்கிறது. அதன் திறமையும் அபாயமும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உலாவியை ஆளில்லாமல் ஓட்டுவது ஒன்றும் புதிய வேலை அல்ல. 2004இல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் எழுதிய செலினியம், தங்கள் தளம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று நிரலாளர்கள் சோதித்துப் பார்ப்பதற்கான கருவி. 2011இல் ஆர்யா ஹிதாயத் வெளியிட்ட ஃபாண்டம்ஜேஎஸ், திரையே இல்லாமல் ஓடும் உலாவியைத் தந்தது. 2017இல் குரோமின் 59ஆம் பதிப்பு அந்த வசதியைத் தானே உள்ளே சேர்த்துக்கொண்டதும் ஃபாண்டம்ஜேஎஸ்ஸுக்கு வேலையில்லாமல் போனது. அதே ஆண்டு கூகுளிடமிருந்து பப்பட்டியர், 2020இல் மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து பிளேரைட். இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொது நோய் இருந்தது. எந்தப் பட்டனை அழுத்துவது என்பதைப் பக்கத்தின் கட்டமைப்பை வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது: மூன்றாவது பெட்டிக்குள் இரண்டாவது பத்தியில் இருக்கும் முதல் பட்டன் என்பதுபோல. தளத்தில் யாரோ ஒரு விளம்பரப் பெட்டியை நுழைத்தால் கணக்கு ஒன்று தள்ளிப்போகும், நிரல் செத்துவிடும். மனிதக் கண்ணுக்கு மாற்றமே தெரியாத இடத்தில் நிரல் குப்புற விழும். இந்த நிரல்களை எழுதுவதைவிட அவ்வப்போது பழுதுபார்ப்பதுதான் பெரிய வேலை என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் அலுத்துக்கொள்வது இதனால்தான்.

மொழி மாதிரி வந்தபோது முதலில் தோன்றிய யோசனை, பக்கத்தின் மூலக்குறி முழுவதையும் அதனிடம் கொட்டிவிடலாம் என்பது. இன்றைய வணிகத் தளம் ஒன்றின் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் அந்த யோசனை ஏன் நிலைக்கவில்லை என்பது விளங்கும். திரையில் தெரியும் நூறு சொற்களுக்குப் பின்னால் அலங்காரக் குறிகளும் விளம்பர நிரல்களும் வேவு பார்க்கும் துண்டுகளுமாக லட்சக்கணக்கான எழுத்துகள் கிடக்கும். மாதிரிக்கு ஒரே நேரத்தில் நினைவில் வைக்க முடிகிற அளவுக்கு வரம்பு உண்டு. அந்த அளவை டோக்கன் என்ற துண்டுகளில் எண்ணுகிறார்கள், காசும் அந்தக் கணக்கில்தான். குப்பையைப் படிக்கவே காசும் கவனமும் தீர்ந்துவிட்டால் வேலை எப்போது நடக்கும்?

விடை உலாவிக்குள்ளேயே இருந்தது. 1989இல் டெட் ஹென்டர் வெளியிட்ட ஜாஸ், 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய இலவச மென்பொருளான என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடர்கள், திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்குப் படித்துச் சொல்பவை. இருவருமே பார்வை இல்லாதவர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்; தேவை உள்ளவர்களே செய்துகொண்ட கருவிகள் இவை. இவற்றுக்காக உலாவி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சுருக்கப் பிரதியைத் தயாரித்து வைக்கிறது. ‘அணுகல் மரம்’ என்று அதைச் சொல்லலாம். நிறம், இடைவெளி, நிழல், விளம்பர நிரல் எதுவும் அதில் இல்லை. எஞ்சுவது பண்டத்தின் வகை, பெயர், நிலை மூன்றும்தான்: ‘தேடு’ என்ற பட்டன், ‘நூலின் பெயர்’ என்ற உரைப்பெட்டி, காலி, ‘தமிழ் மட்டும்’ என்ற தேர்வுப்பெட்டி, குறியிடப்பட்டது. எந்தப் பண்டத்தை எப்படிப் பெயரிடுவது என்பதற்கு உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2014 மார்ச்சில் ‘ஏரியா’ என்ற விதித்தொகுப்பை முறையாக வெளியிட்டது. கண் தெரியாத ஒருவர் விசைப்பலகையை மட்டும் வைத்து ஒரு படிவத்தை நிரப்ப என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ, சரியாக அதுதான் மொழி மாதிரிக்கும் வேண்டும். செமான்டிக் வெப் கேட்டு வாங்க முடியாததை மாற்றுத்திறனாளிகளின் போராட்டமும் அதனால் வந்த சட்டங்களும் ஓரளவு வாங்கித் தந்திருந்தன.

நடைமுறையில் இது எப்படி ஓடுகிறது என்று ஒரு நூலகப் பட்டியலை வைத்துப் பார்ப்போம். ஏஜென்ட் கொடுக்கும் முதல் கட்டளை, இன்ன முகவரியைத் திற என்பது. இரண்டாவது, பக்கத்தின் நிலையைச் சொல் என்பது. கருவி அணுகல் மரத்தை எடுத்து, தொடக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்டு, சில பத்து வரிகளாகக் கொடுக்கும்: 1 முகப்பு இணைப்பு, 2 நூலின் பெயர் உரைப்பெட்டி, 3 தேடு பட்டன். அடுத்து 2இல் இன்ன பெயரை நிரப்பு, 3ஐ அழுத்து, மறுபடி நிலையைச் சொல். இவ்வளவுதான். திரையில் எத்தனையாவது புள்ளியில் பட்டன் இருக்கிறது என்றோ, எத்தனையாவது பெட்டிக்குள் இருக்கிறது என்றோ ஏஜென்ட் கவலைப்பட வேண்டியதில்லை. தளக்காரர் விளம்பரப் பெட்டியை நுழைத்தாலும் ‘தேடு’ என்ற பெயர் மாறாதவரை வேலை கெடாது. பெயரே மாறி ‘கண்டுபிடி’ என்று ஆனாலும் பொருள் புரிந்து சமாளித்துவிடும். பழைய நிரலுக்கு அது முடியாது. ஒரு நிபந்தனை உண்டு: பக்கம் மாறியதும் பழைய எண்கள் செல்லாது. மறுபடி நிலையைக் கேட்காமல் பழைய 3ஐ அழுத்தப் போகும் ஏஜென்ட் தவறான இடத்தில் கைவைக்கும் அல்லது பிழைச் செய்தி வாங்கும். பட்டன் திரையில் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, செயல்படும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக் காத்திருக்கும் வேலையை பிளேரைட் போன்ற கருவிகள் தாமே செய்துவிடுகின்றன. பக்கம் பாதி வந்துகொண்டிருக்கும்போதே அவசரப்பட்டு அழுத்துவதுதான் முன்பு பெரும்பாலான தோல்விகளுக்கு ஊற்றாக இருந்தது.

இதில் கட்டளை வரிக்கு என்ன சிறப்பு? உலாவியை மாதிரியோடு இணைக்க வேறு வழிகளும் உண்டு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி என்ற நெறிமுறை வழியாக, உலாவிக் கருவிகளின் முழு வர்ணனையையும் மாதிரியின் நினைவில் முன்கூட்டியே ஏற்றி வைப்பது அவற்றில் பிரபலமானது. வசதிதான், ஆனால் கருவியைத் தொடுவதற்கு முன்பே இடம் போகிறது. பல நேரம் ஒவ்வொரு செயலுக்குப் பின்னும் பக்கத்தின் மரம் முழுவதும் திரும்பி வந்து நினைவை அடைக்கிறது. கட்டளை வரியில் மரத்தைக் கோப்பில் எழுதிவிட்டு, வேண்டிய நாலு வரியை மட்டும் சலித்து எடுக்கலாம். ஒரு நிரலின் விடையை அடுத்த நிரலுக்கு ஊட்டும் குழாய் 1973இல் யூனிக்ஸுக்கு வந்தது; அன்று அதை அமைத்த டக் மக்கில்ராயும் கென் தாம்சனும் மொழி மாதிரியை நினைத்திருக்க முடியாது. உரை உள்ளே போய் உரை வெளியே வரும் அந்த ஏற்பாடு, உரையைத் தவிர வேறெதுவும் தெரியாத இயந்திரத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் ஆகிவிட்டது. ஐம்பது ஆண்டுக் கையேடுகளையும் உதாரணங்களையும் படித்துப் பயின்ற மாதிரிக்குக் கட்டளை வரி பழகிய இடமும்கூட. தொழில்நுட்பமாக ஒரே ஒரு சிக்கல்: கட்டளை ஒவ்வொன்றும் ஓடி முடிந்ததும் மறைந்துவிடும், உலாவி மறையக் கூடாது. ஆகவே ஒரு நிரல் பின்னணியில் நின்று உலாவியைப் பிடித்துவைத்திருக்கும். கட்டளைகள் அதனிடம் செய்தி சொல்லிவிட்டுப் போகும். செய்த ஒவ்வொரு காரியமும் ஒரு வரியாகப் பதிவில் நிற்பது இந்த முறையின் இன்னொரு லாபம். என் கணிப்பில் அதுவே பெரிய லாபம். ஏஜென்ட் என்ன செய்தது என்று மறுநாள் ஒருவர் உட்கார்ந்து வாசிக்க முடிகிறது.

இனி இது எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விளம்பரங்களை நம்பினால் எல்லாம் முடிந்துவிட்டதுபோல் தோன்றும். 2023இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெப்அரீனா என்ற சோதனைக் களத்தை அமைத்தார்கள். கடை, விவாத மன்றம், நிரல் சேமிப்பிடம், கடை நிர்வாகப் பக்கம் எனத் தனியே ஓடும் தளங்கள். அவற்றில் 812 வேலைகள். மனிதர்கள் 78.24 சதவீதம் வேலைகளை முடித்தார்கள். அன்றைய சிறந்த மாதிரியான ஜிபிடி-4ஐ வைத்துக் கட்டிய ஏஜென்ட் முடித்தது 14.41 சதவீதம். 2025 ஜனவரியில் ஓபன்ஏஐ தன் ஏஜென்ட்டுக்கு அறிவித்த மதிப்பெண் 58.1. இரண்டு ஆண்டுக்குள் வியக்கத்தக்க ஏற்றம். ஆனாலும் பத்தில் நான்கு வேலை கெட்டால் அதை எந்த அலுவலகம் ஏற்கும்? கணக்கு இங்கே இரக்கமில்லாதது. ஒவ்வொரு படியும் 95 சதவீதம் சரியாக நடக்கும் என்று வைத்தாலும், 20 படிகள் கொண்ட வேலை முழுவதும் சரியாக முடிய வாய்ப்பு 36 சதவீதம்தான். படிக்கு 99 சதவீதம் என்றால் 82. ஆகவே தினமும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய ஏஜென்ட்டை ஏவுவது வீண் செலவு. ஏஜென்ட் ஒருமுறை வழியைக் கண்டுபிடித்து, அந்த வழியைச் சாதாரண நிரலாக எழுதித் தந்துவிட்டு ஒதுங்க வேண்டும். நிரல் நாள்தோறும் ஓடட்டும். தளம் மாறி நிரல் நின்றால் மறுபடி ஏஜென்ட்டைக் கூப்பிடலாம். கட்டளை வரியில் இது இயல்பாக அமைகிறது, ஏனென்றால் ஏஜென்ட் கொடுத்த கட்டளைகளின் பதிவே ஏறக்குறைய அந்த நிரல்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். மேலே சொன்ன 58.1ஐ எடுத்த ஏஜென்ட் மரத்தைப் படிக்கவில்லையே, திரையைப் படம் எடுத்துப் பார்த்து, புள்ளி கணக்கிட்டுத்தானே அழுத்தியது? ஆந்த்ரோபிக் 2024 அக்டோபரில் காட்டியதும் அதே முறைதானே? மாதிரிகளுக்குக் கண் வந்துவிட்டது. இனி மரம் எதற்கு? மறுப்பில் உண்மை இருக்கிறது. கூகுள் டாக்ஸ் 2021இல் தன் பக்கங்களை நேரடியாக வரைந்து காட்டும் முறைக்கு மாறத் தொடங்கியது. ஃபிக்மா போன்ற வடிவமைப்புக் கருவிகளின் பலகையும் வரைந்த படமே. வரைபடங்களும் அப்படித்தான். அங்கே கண் இல்லாமல் பிழைக்க முடியாது. ஆனால் கண்ணுக்கு விலை உண்டு. திரையை எடுத்த ஒரு படம் மாதிரிக்கு ஆயிரம் டோக்கனுக்கு மேல் பிடிக்கும். திரைக்குக் கீழே மறைந்திருப்பது அதில் தெரியாது, உருட்டி உருட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பட்டன் அழுத்தக்கூடிய நிலையில் இருக்கிறதா இல்லையா என்பதை நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டும். மரத்தில் அது எழுதியே இருக்கிறது. இந்த விவாதத்தை முடிக்கப் போதுமான சான்று ஓபன்ஏஐயிடமிருந்தே வந்தது. 2025 அக்டோபரில் தன் அட்லஸ் உலாவியை வெளியிட்டபோது, ஏஜென்ட் உங்கள் தளத்தில் நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் ஸ்கிரீன் ரீடர்களுக்கான ஏரியா குறிகளைச் சேருங்கள் என்று தளக்காரர்களுக்கு அந்நிறுவனம் ஆலோசனை சொன்னது. படம் பார்த்து மதிப்பெண் எடுத்தவர்களே படிப்பதற்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள்.

அப்படிக் கேட்க வேண்டிய நிலை இருப்பதுதான் வருத்தத்துக்குரியது. வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2019இல் 97.8 சதவீதப் பக்கங்களில் அணுகல் விதிகளுக்கு முரணான குறைகள் இருந்தன, 2025இல் 94.8. உரைப்பெட்டிக்குப் பெயர் இல்லை, படத்துக்கு விளக்கம் இல்லை, இணைப்பில் எழுத்தே இல்லை. இத்தகைய பக்கத்தில் ஏஜென்ட்டுக்குக் கிடைப்பது ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்ற பெயரற்ற வரிசை. ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துவோர் பல ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்த அதே வரிசை. தமிழுக்கு இதில் தனிச் சோகம் ஒன்று உண்டு. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்த பக்கங்களிலும் ஆவணங்களிலும் கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரியும். அடியில் சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த கோவை. பார்ப்பவருக்கு அது தமிழ், படிப்பவருக்கு அது பிதற்றல். எவ்வளவு பெரிய மாதிரியானாலும் பக்கம் சொல்லாததைப் படிக்க முடியாது. ஏஜென்ட் தோற்றால் மாதிரியைக் குறை சொல்வது நம் வழக்கமாகிவிட்டது. பாதி நேரம் குற்றவாளி பக்கம்.

வேறு சிலர் அடிப்படையையே கேள்வி கேட்பார்கள். கணினியோடு கணினி பேச ஏபிஐ என்ற நேர்வழி இருக்கும்போது, மனிதருக்கான பக்கத்தில் போய் ஏன் தடவ வேண்டும்? கேள்வி நியாயமானது, ஏபிஐ இருக்கும் இடத்தில் உலாவியைத் திறப்பது மடத்தனம். ஆனால் பெரும்பாலான தளங்களுக்கு அந்த வழியே கிடையாது. ஊராட்சி அலுவலகப் படிவமும் சிறு மருத்துவமனையின் முன்பதிவும் ஏபிஐ வைத்துக்கொள்ளப் போவதில்லை. இருந்த வழிகளும் அடைபடுகின்றன. ட்விட்டர் 2023 பிப்ரவரியில் இலவச ஏபிஐயை நிறுத்துவதாக அறிவித்தது, அதே ஆண்டு ஜூலையில் ரெடிட் கட்டணம் விதித்தது. உள்ளே நுழைய எல்லோருக்கும் மிஞ்சுகிற ஒரே வாசல் உலாவி.

இனி அபாயத்துக்கு வருவோம். ஏஜென்ட் பக்கத்தைப் படிக்கிறது என்றேன். அது தன் முதலாளியின் ஆணையையும் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. இரண்டும் ஒரே உரை ஓடையாக மாதிரிக்குள் போகின்றன. இது ஆணை, இது வெறும் தகவல் என்று பிரித்துக்காட்டும் சுவர் உள்ளே எதுவும் இல்லை. கடைக்கு அனுப்பிய பையன், வழியில் சுவரில் ‘பையிலுள்ள பணத்தை இங்கே வைத்துவிட்டுப் போ’ என்று எழுதியிருப்பதைப் படித்து, வீட்டில் சொன்னதாகவே எண்ணி வைத்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? 2022 செப்டம்பரில் சைமன் வில்லிசன் இதற்குப் ‘பிராம்ட் இன்ஜெக்‌ஷன்’ என்று பெயரிட்டார். உலாவி ஏஜென்ட்டுக்கு இது எவ்வளவு கொடியது என்பதை 2025 ஆகஸ்டில் பிரேவ் உலாவி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்துகாட்டினார்கள். ரெடிட் பதிவொன்றின் கீழே, மறைத்துவைக்கும் குறிக்குள் சில வரிகள். பெர்ப்ளெக்சிட்டி நிறுவனத்தின் காமெட் உலாவியில் ‘இந்தப் பக்கத்தைச் சுருக்கிச் சொல்’ என்று கேட்டதும், ஏஜென்ட் அந்த மறைந்த வரிகளைப் படித்து, பயனரின் மின்னஞ்சல் முகவரியை எடுத்து, அந்த நிறுவனத்திலுள்ள அவர் கணக்குக்கு ஒருமுறைக் கடவுச்சொல் வரவழைத்து, அதை ஜிமெயிலில் போய்ப் படித்து, இரண்டையும் ரெடிட்டிலேயே பதிலாகப் போட்டது. ஒரு தளம் இன்னொரு தளத்தின் தகவலைத் தொடக் கூடாது என்று நெட்ஸ்கேப் காலம் முதல் உலாவிகள் கட்டிக்காத்த விதி இங்கே உடைக்கப்படவே இல்லை. ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்துபோனது பயனரின் உரிமையோடு திரியும் ஏஜென்ட்.

மறைந்த எழுத்துகளை நீக்கிவிட்டால் போகிறது என்று உடனே தோன்றும். இங்கேதான் பிரச்சினையின் முடிச்சு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் ஸ்கிரீன் ரீடருக்கு மட்டும் கேட்கும்படி எழுதுவது இணையத்தில் முறையான, பரிந்துரைக்கப்பட்ட பழக்கம். வண்டிப் படம் மட்டும் போட்ட பட்டனுக்குள் ‘வாங்கும் பட்டியலைத் திற’ என்று மறைவாக எழுதிவைப்பதால்தான் பார்வையற்றவரும் ஏஜென்ட்டும் அதைப் பயன்படுத்த முடிகிறது. நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில், ஒரே வடிவில் இருக்கின்றன. மனிதர் பார்க்கும் பக்கமும் ஏஜென்ட் படிக்கும் பக்கமும் வேறு வேறாக இருக்கலாம் என்பதே ஏஜென்ட்டுக்கு வலிமை தந்தது, அதுவே திருடனுக்கு மறைவிடமும் ஆனது. படம் பார்க்கும் ஏஜென்ட்டாவது தப்பிக்குமா என்றால், மனிதக் கண்ணுக்கு எட்டாத மங்கலான நிறத்தில் படத்துக்குள் எழுதி அதையும் ஏமாற்றலாம் என்று அதே ஆய்வாளர்கள் இரண்டு மாதங்களில் காட்டிவிட்டார்கள்.

அடுத்த தலைமுறை மாதிரி இதையெல்லாம் கண்டுகொள்ளும் என்பவர்களும் உண்டு. நூற்றுக்கு 99 முறை கண்டுகொள்ளலாம். தாக்குபவர் நூறாவது முறைக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் முயல்வார், அவருக்கு அதில் செலவு இல்லை. தரவுத்தளங்களில் 1998 முதல் பேசப்பட்ட இதேபோன்ற ஓட்டை, ஆணையையும் தகவலையும் தனித்தனி வழியில் அனுப்பும் ஏற்பாட்டால் அடைபட்டது. தரவுத்தளம் புத்திசாலியானதால் அல்ல. அதே எண்ணத்தில் 2025இல் கூகுள் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் ‘கேமல்’ என்ற ஏற்பாட்டை முன்வைத்தார்கள்: திட்டம் போடும் மாதிரிக்கு வெளியார் எழுத்து கண்ணிலேயே படாது, வெளியார் எழுத்தைப் படிக்கும் மாதிரிக்குக் கை கிடையாது. கொள்கையளவில் சரியான திசை. ஆனால் உலாவியில் அடுத்த படி என்ன என்பதைப் பக்கத்தைப் படித்த பிறகுதான் முடிவு செய்ய முடியும். திட்டம் போடுபவர் பக்கத்தையே பார்க்கக் கூடாது என்றால் எந்தப் பட்டனை அழுத்துவது? முன்கூட்டியே வழி தெரிந்த வேலைகளுக்கு இது பொருந்தும், தேடித் திரியும் வேலைக்குப் பொருந்தாது.

ஆகவே இன்றைக்குக் கையில் இருப்பவை வேலிகள்தான். ஏஜென்ட்டுக்குத் தனி உலாவிக் கணக்கு, அதில் வங்கியோ மின்னஞ்சலோ திறந்திருக்கக் கூடாது. போகலாம் என்று பட்டியலிட்ட தளங்களுக்கு மட்டும் போகும் அனுமதி. பணம் கட்டவோ அனுப்பவோ அழிக்கவோ மனிதரின் ஒப்புதல். கட்டளை வரியில் இந்த வேலிகளைப் போடுவது சுலபம் என்பது உண்மை. ஆனால் அங்கே ஏஜென்ட்டின் கைக்கு உலாவி மட்டுமல்ல, கோப்புகளும் பிற நிரல்களும்கூட எட்டும் என்பதும் உண்மை. வேலி போட மறந்தால் சேதம் பெரிது. அந்தரங்கத் தகவல், வெளியார் எழுத்து, வெளியே அனுப்பும் வழி மூன்றும் ஒரே ஏஜென்ட்டிடம் சேரக் கூடாது என்று 2025இல் வில்லிசன் எச்சரித்தார். எதுவும் வேலியிடாமல் தினசரி உலாவியை அப்படியே ஏஜென்ட்டிடம் கொடுத்தால் மூன்றும் முதல் நிமிடத்திலேயே சேர்ந்துவிடும்.

தளக்காரர்கள் தரப்பு இன்னும் பேசவில்லை. 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்த ‘ரோபாட்ஸ்’ கோப்பு, தேடுபொறிகளின் தானியங்கிகளை இங்கே வராதே என்று சொல்லும் வழக்கம். ஒரு பயனர் தனக்காக அனுப்பும் ஏஜென்ட் அந்த வகையில் சேருமா, அல்லது அவருடைய உலாவியாகவே கருதப்படுமா என்பதில் ஒத்த கருத்து இல்லை. 2025 நவம்பரில் அமேசான் தன் கடைக்குள் வரும் காமெட் ஏஜென்ட்டை எதிர்த்து பெர்ப்ளெக்சிட்டி மீது கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது இந்தக் கேள்வியின் மீதுதான். நீதிமன்றம் என்ன சொன்னாலும், பல தளங்கள் தொழில்நுட்பத் தடையைத்தான் முதலில் நாடும். மனிதரா இயந்திரமா என்று சோதிக்கும் கேப்ட்சா புதிர்கள் பார்வையற்றவர்களை வெளியே நிறுத்துகின்றன என்று வலைக் கூட்டமைப்பு 2005இலேயே எழுதிவைத்தது. இப்போது இன்னொரு சபலம் சேரும்: பட்டன்களின் பெயர்களைக் குழப்பி, மரத்தை வேண்டுமென்றே கெடுத்து, ஏஜென்ட்டைத் திணறவைப்பது. படம் பார்க்கத் தெரிந்த ஏஜென்ட் அதைத் தாண்டி வந்துவிடும். ஸ்கிரீன் ரீடரை நம்பியிருக்கும் வாடிக்கையாளரால் முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் இணையக் கடைகள் அணுகத்தக்கவையாக இருப்பது சட்டக் கட்டாயம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஏஜென்ட்டைத் தடுக்க மரத்தைக் கெடுக்கும் தளம் பதில் சொல்ல வேண்டியிருப்பது இந்தச் சட்டங்களுக்கு.